தங்கக் காலுக்கு ஓர் அரவு

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பேரை வளர்த்தேன். நால்வர் நான் பெற்றவர்கள், இருவர் என் தங்கை விட்டுப்போன பிள்ளைகள். ஆறு பேரும் பள்ளிக்கூடம் முடித்தார்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பிழை கண்டால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் கொட்டாஞ்சேனைக் கழகத்துக்குப் பதினெட்டு வருடம் உதைபந்து ஆடியவர் போன மாதம் காலமானார். அவருடைய முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் ஒன்று அடிக்கிறார்கள். கழகத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்து, அவரைப் பற்றி நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்றார்.

"நீங்க வாயால சொன்னாப் போதும்மா. ஒரு புள்ளைய வச்சு எழுதிக்கிறோம்."

"வேண்டாம் தம்பி. நானே எழுதித் தாறன்."

"அவசரமில்லம்மா, ஆறுதலா எழுதுங்க" என்றார்.

"எனக்கு எப்பவும் அவசரம் இல்லை. நீங்க அவசரப்படுத்தாமல் இருந்தாச் சரி."

நான் எழுதத் தொடங்கி இன்றைக்குப் பதினோராவது நாள். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வருகிறது. சில நாள் அதுவும் இல்லை.

கலியாணம் முடித்து நான் கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது எனக்கு உதைபந்தாட்டம் என்றால் என்னவென்றே தெரியாது. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை செய்தார். இந்த ஆட்டக்காரருக்கும் அங்கேதான் வேலை. இரண்டு பேரும் ஒரே பகுதியில் மூட்டை இறக்கியவர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் வீட்டுக்காரர் மைதானத்துக்குப் போய்க் கோடு போடுவார், பந்துக்குக் காற்றடிப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வரமாட்டார். ஒருநாள் கோபம் வந்து, சோற்றைப் பார்சல் கட்டி, இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக நானே கொண்டு போனேன். சோற்றைக் கொடுத்து நான்கு வார்த்தை ஏசிவிட்டு வருவதுதான் என் எண்ணம்.

அது புல் இல்லாத மைதானம். செம்மண்ணும் கிரவலும். நான் மதிலோரம் நின்று என் வீட்டுக்காரரைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது வலப்பக்கத்திலிருந்து பந்து நிலத்தோடு உருண்டு வந்தது. எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள். மெலிந்த ஒரு மனிதர் மட்டும் ஓடவில்லை. பந்து வரும் பாதையிலிருந்து மூன்று அடி தள்ளிப் போய்ச் சும்மா நின்றார். இவருக்கென்ன விசரா என்று நினைத்தேன். பந்து ஒரு கல்லில் பட்டுத் திரும்பி, நேரே அவருடைய இடது காலுக்கு வந்தது. கூப்பிட்டால் வருகிற பிள்ளை மாதிரி வந்தது. அவர் அதை ஒருமுறைதான் தொட்டார். கோல்.

நான் ஏச வந்ததை மறந்து போனேன். சோற்றுப் பார்சலையும் மதிலில் வைத்து மறந்ததில் காகம் கொத்திவிட்டது.

பிறகு என் வீட்டுக்காரர் சொன்னார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன், விடிந்ததும் விடியாததுமாக அந்த மெலிந்த மனிதர் மைதானத்துக்கு வந்து கல் பொறுக்குவாராம். அந்த நாட்களில் பாதிப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். கால் கிழியக் கூடாது என்று ஒரு சாக்கு நிறையப் பொறுக்கிக் கொண்டுபோய் வெளியே கொட்டுவார். தன் கழகத்துப் பக்கம் மட்டும் இல்லை, மற்றவர்கள் ஆடப்போகும் பாதியிலும் பொறுக்குவார். பிடுங்க முடியாமல் நிலத்தில் இறுகிப்போன கற்கள் சில இருக்கும். அவை எங்கெங்கே இருக்கின்றன என்று அவருக்கு மட்டும் தெரியும். நான் கண்ட கோல் அப்படி வந்த கோல். மற்றவர்கள் அதை மந்திரம் என்றார்கள். குனிந்து வேலை செய்தவனுக்கு நிலம் சொன்ன இரகசியம் அது என்று நான் நினைக்கிறேன்.

சனங்கள் அவரைத் தங்கக் கால் என்று கூப்பிடத் தொடங்கியது எப்போது என்று நினைவில்லை. அவருடைய மனைவி மட்டும் அந்தப் பேரைக் கேட்டால் சிரிப்பா. "தங்கக் கால் எண்டா அடகு வைக்கலாம்தானே அக்கா? கடைக்காரன் வாங்கமாட்டன் எண்டிட்டான்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறா. அவர் பக்கத்தில் நின்றால் தலையைக் குனிந்துகொண்டு அவரும் சிரிப்பார். மைதானத்தில் அத்தனை சனத்தையும் சத்தம் போட வைக்கிற மனிதர், வீட்டில் ஒரு சத்தமும் போடமாட்டார்.

நடுவரோடு அவர் வாய்காட்டி நான் பார்க்கவே இல்லை. கிராண்ட்பாஸ் கழகத்தில் ஒரு நானா இருந்தார், முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், பின்வரிசைக்காரர். அவருக்குப் பந்து வேண்டாம், இவருடைய கால்தான் வேண்டும். வந்தால் இடித்துத் தள்ளுவார். இவர் விழுவார், மண்ணைத் தட்டுவார், எழும்பி அந்த நானாவின் தோளிலும் மண் இருந்தால் அதையும் தட்டிவிடுவார். எங்களுக்குப் பற்றி எரியும். "திருப்பி ஒண்டு குடுங்கோவன்!" என்று நான் மதிலோரத்தில் நின்று கத்தியிருக்கிறேன். ஆம், நான்தான். அதற்குள் நான் ஞாயிறு தவறாமல் போகிறவளாகிவிட்டேன். பொம்பிளைக்கு இங்கே என்ன வேலை என்று முதலில் கேட்டவர்கள், பிறகு எனக்கு இடம் விட்டு நின்றார்கள்.

ஊர் எரிந்து அடங்கிய ஒரு காலம் வந்தது. அதைப் பற்றி விரித்து எழுதமாட்டேன். அதற்குப் பிறகு நடந்த முதல் ஆட்டத்துக்கு நாங்கள் பயந்து பயந்துதான் போனோம். எங்கள் ஆட்கள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தமிழ் வந்துவிடும். அவர் மைதானத்துக்குள் இறங்கினார். ஒரு சத்தமும் இல்லை. செத்தவீடு மாதிரி இருந்தது. அப்போது முகத்துவாரத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் சிங்களப் பெண் ஒருத்தி, எங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவள், கையை வாயில் வைத்து "அண்ணே!" என்று கத்தினாள். எப்போதும் சிங்களத்தில் அய்யே என்று கூப்பிடுகிறவள்தான், அன்றைக்கு அண்ணே என்று தமிழில் கூப்பிட்டாள். பிறகு அந்தப் பக்கம் முழுவதும் அண்ணே, அண்ணே என்று எழும்பியது. அவர் ஆடத் தொடங்காமல் கொஞ்ச நேரம் இடது காலால் மண்ணைக் கீறிக்கொண்டே நின்றார். அன்றைக்கு அவர் கோல் அடிக்கவில்லை. அதைப் பற்றி ஒருவரும் கேட்கவும் இல்லை.

எனக்கு எழுத்து வந்ததும் அவரால்தான். திங்கட்கிழமைப் பேப்பரில் ஆட்டத்தைப் பற்றிச் சின்னதாகப் போடுவார்கள். என் வீட்டுக்காரர் வாசிப்பார். "இதில அவற்ற பேர் எங்க?" என்று கேட்பேன். விரலை வைத்துக் காட்டுவார். அந்தப் பேரை முதலில் படம் மாதிரிப் பிடித்தேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாகக் கழற்றினேன். கழற்றிய எழுத்தை வேறு சொற்களில் தேடினேன். இரண்டாம் வகுப்பில் விட்டதை இப்படி ஒட்டி ஒட்டி எடுத்தேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகும் நான் காலையில் பேப்பரோடு இருப்பேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். என் மூத்தவள் சொல்வாள்: "அம்மா பேப்பரை வாசிக்கிறாவோ, அவிக்கிறாவோ?" சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விடுவேன். ஆனால் வெளியாட்களுக்கு இது தெரியாது. கண்ணாடி போட்டுப் பேப்பர் வாசிக்கிற அம்மா என்றுதான் எங்கள் ஒழுங்கையில் எனக்குப் பேர். அந்தப் பேரை நான் விட்டுக் கொடுத்ததில்லை.

அவர் செவ்வாய்க்கிழமை காலமானார். வியாழக்கிழமை மூன்று மணிக்கு எடுப்பதாக முடிவு. அன்றைக்குப் போயா நாள், பௌர்ணமி விடுமுறை. ஒழுங்கை முழுவதும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். ஒழுங்கை வாசலில் இரண்டு மின்கம்பத்துக்கு நடுவே பெரிய பெனர். வெள்ளைத் துணியில் கறுப்பு எழுத்து. நடுவில் அவருடைய இளவயதுப் படம். மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே இங்கிலீஷ். பேருக்கு முன்னால் பட்டங்கள் வேண்டாம், கவிதையும் வேண்டாம், எங்கள் தங்கக் கால் என்று மட்டும் போடுங்கள் என்று அவருடைய மனைவி சொல்லியிருந்தா. அவ கேட்டது அது ஒன்றுதான்.

காலை ஒன்பது மணி போல நான் பெனருக்குக் கீழே நின்று, வழக்கம்போல எழுத்துக் கூட்டினேன். எங்கள். தங்கக். அடுத்தது கானா. கானாவுக்குப் பக்கத்தில் அரவு இருக்க வேண்டும். ககரத்தைக் காவாக நீட்டுகிற அந்த எழுத்தை நாங்கள் அரவு என்போம். அரவைக் காணவில்லை. கானா, பிறகு லானா, அதற்கு மேல் புள்ளியாக ஒரு குற்று. கல்.

எங்கள் தங்கக் கல்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பக் கூட்டினேன். கல்தான். வாழ்நாளெல்லாம் கல்லைப் பொறுக்கி வெளியே கொட்டிய மனிதரைக் கல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உடனே இன்னொரு யோசனையும் வந்தது. படித்தவர்கள் எழுதியது. அவர் கல் பொறுக்கினவர் என்பதால் வேண்டுமென்றே அப்படிப் போட்டிருப்பார்களோ? எனக்குத் தெரியாத உயர்ந்த தமிழாக இருக்குமோ? அந்த நேரம் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் வந்து, பெனரை அண்ணாந்து பார்த்து, கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். வாத்தியாருக்குத் தெரியாத பிழை எனக்கா தெரியப் போகிறது? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் அவருடைய மனைவி இருந்தா. சுற்றிவரப் பெண்கள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்தா.

"அக்கா, பெனர் கட்டியாச்சாம். என்னால இவரை விட்டிட்டு வெளியில போய்ப் பாக்க ஏலாது. நீங்க வடிவா வாசிக்கிற ஆள். என்ன எழுதியிருக்கு எண்டு சொல்லுங்கோ."

அங்கிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் தங்கக் கால் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவவுக்கு அது போதும். ஆனால் மூன்று மணிக்கு அந்தப் பெனருக்குக் கீழேதான் அவவும் போகவேண்டும். பெட்டியில் கிடந்த அவரைப் பார்த்தேன். பொய் வரவில்லை. பிழை என்று சொல்லவும் வாய் வரவில்லை, என் வாசிப்பை நம்பி எப்படிச் சொல்வது?

"தூரத்தில நிண்டு பாத்தனான். கிட்டப் போய் வடிவாப் பாத்திட்டு வந்து சொல்லுறன்" என்றேன்.

வெளியே செயலாளர் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றார். கிராண்ட்பாஸ் நானாவும் பக்கத்தில் இருந்தார். அந்தப் பின்வரிசைக்காரர்தான். இப்போது பொல்லூன்றி நடக்கிறார். சட்டைக் கையில் கறுப்புப் பட்டி கட்டியிருந்தார்.

"தம்பி, பெனரில என்ன எழுதியிருக்கு?"

"எங்கள் தங்கக் கால்னுதாம்மா. நான்தானே எழுதிக் குடுத்தேன்."

"நீங்க எழுதிக் குடுத்ததைக் கேக்கேல்லை. அங்க இருக்கிறதை வாசியுங்கோ."

அவர் பெனரைப் பார்த்தார். "எங்கள். தங்கக். கால். சரியாத்தானே இருக்கு?"

ஒரு சொல்லை இரண்டு முறை கூட்டியும் நான் பிழையா? ஆனாலும் விடவில்லை. "அப்பிடி ஓடாதேங்கோ தம்பி. ஒவ்வொரு எழுத்தா வாங்கோ. கானாவுக்குப் பக்கத்தில அரவு நிக்குதோ?"

அவருடைய வாய் அசைந்து நின்றது. தலையில் கையை வைத்தார். "ஐயையோ! எங்க வீட்டுல அதுக்குத் துணைக்கால்னு சொல்லுவாங்கம்மா. காலுக்குக் காலையே காணோமே!"

அச்சடித்தவன் சிங்களப் பையன், பாவம். எழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அடித்திருக்கிறான். தனக்குத் தெரிந்த சிங்களத்தைச் சரியாக அடித்திருந்தான். எங்களுக்குத் தெரிந்த தமிழை நாங்கள்தான் பார்க்கவில்லை.

நானா பொல்லை நிலத்தில் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீரும் வந்தது. "யா அல்லாஹ்! நாங்க இத்தன வருசம் வெட்டப் பாத்தும் எடுக்க ஏலாமப் போன கால, பிரஸ்காரன் ஒரே நாள்ல எடுத்துட்டானே!"

செயலாளர் அச்சகத்துக்கு ஃபோன் எடுத்தார். போயா, பூட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், "விடுங்க, யாரு எழுத்தெழுத்தாப் பாக்கப் போறா?" என்றார்.

"அவ கேட்டிட்டு இருக்கிறா. நான் போய் அவவுக்கு என்னத்தை வாசிக்கிறது?" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

பெனரை இறக்கினார்கள். கானாவுக்கும் லானாவுக்கும் நடுவில் ஒரு விரல் இடம்தான் இருந்தது. பேனையால் கீறிப் பார்த்தார்கள், மை பிடிக்கவில்லை. கறுப்புத் துணி எங்கே என்று ஓடப் பார்த்தார்கள். நானா தன் கையில் இருந்த கறுப்புப் பட்டியைக் கழற்றினார்.

"இத வைங்க."

"நானா, அது நீங்க துக்கத்துக்குக் கட்டினது."

"துக்கத்துக்குத்தான் தாறேன். நான் உதச்சதுல பாதி அவர்ட காலுல பட்டிரிக்கி. ஒரு கால் கடன் இரிக்கி எனக்கு."

செயலாளர் பட்டியை ஒடுக்கமாக வெட்டிப் பசை பூசினார். பிறகு அதை என்னிடம் நீட்டினார். "நீங்கதாம்மா கண்டுபுடிச்சீங்க. நீங்களே வைங்க."

இத்தனை பெரிய எழுத்தை நான் அதற்கு முன் எழுதியதில்லை. முழங்காலில் இருந்து, மேல் வளைவை மடித்து, கீழே இழுத்து ஒட்டினேன். பசை வழுக்கியதில் கொஞ்சம் கோணிவிட்டது. கோட்டுக்குக் கீழேயும் அரை விரல் இறங்கிவிட்டது. செயலாளர் வெட்டப் போனார். நானா வேண்டாம் என்று தடுத்தார். "அவருக்கு அந்தக் கால் நீளம்தான். எனக்குத் தெரியும்."

பெனர் திரும்பவும் ஏறியது. நான் உள்ளே போனேன். அவருடைய மனைவி நிமிர்ந்து பார்த்தா.

"எங்கள் தங்கக் கால்" என்று வாசித்தேன்.

"வேற ஒண்டும் இல்லையோ?"

"வேற ஒண்டும் இல்லை."

அவ தலையை ஆட்டிக் கண்ணை மூடிக்கொண்டா.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். கொச்சிக்கடை, கிராண்ட்பாஸ், முகத்துவாரம் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் வந்திருந்தார்கள். வெள்ளவத்தையிலிருந்து வாகனம் பிடித்து வந்தவர்களும் உண்டு. அண்ணே என்றும் நானா என்றும் அய்யே என்றும் அழுதார்கள். மூன்றும் ஒரே ஆள். பெட்டியை முன்னாள் ஆட்டக்காரர்கள் தூக்கினார்கள். பொல்லை என்னிடம் தந்துவிட்டு நானாவும் தோள் கொடுத்தார், பத்து அடிதான், அதற்கு மேல் முடியவில்லை. பெனருக்குக் கீழே வந்ததும் அவருடைய மனைவி நின்று அண்ணாந்து பார்த்தா. என் கையில் இருந்த அவவின் விரல் இறுகியது.

"அக்கா, அரவு கொஞ்சம் நீட்டிப் போச்சுது."

"ஓம், நான் ஒட்டினது. பிறகு சொல்லுறன்."

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, வந்த மாதிரியே போனது. அது எனக்குப் போதும்.

மாதம்பிட்டி மயானத்துக்குப் போகும் வழியில் மைதானத்துக்குள் பெட்டியைக் கொண்டு போனார்கள். அவர் நிற்கும் இடது பக்கத்தில் கொஞ்ச நேரம் இறக்கி வைத்தார்கள். இப்போது அங்கே புல் போட்டிருக்கிறார்கள். தூக்கியவர்களில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ஒருவர் காலிலும் கல் குத்தவில்லை.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எத்தனை கோல், எத்தனை கிண்ணம் என்று கணக்குத் தெரிந்தவர்கள் மலரில் எழுதுவார்கள்.

என் பேத்தி பக்கத்தில் இருக்கிறாள். தாளை வாங்கிக் கண்ணை ஓட்டிவிட்டு, "வாசிச்சிட்டன் அம்மம்மா, வடிவா இருக்கு" என்கிறாள். இவ்வளவு கெதியாக எப்படி? கண்ணால் வாசித்தது போதாது பிள்ளை. வாயால் வாசி. முதல் எழுத்திலிருந்து, ஒன்றையும் தாண்டாமல், எனக்குக் கேட்கிற மாதிரி வாசி. அவருடைய காலுக்கெல்லாம் அரவு போட்டிருக்கிறேனா என்று பார்ப்போம்.